கிரெனோபிள் வெப்பநிலை: அட்டவணையில் இருப்பது எந்த ஊர்க் குளிர்?

#1 செட்டிநாட்டான்

எல்லோருக்கும் வணக்கம். வரும் செப்டம்பரில் முதுகலை படிக்க பிரான்சின் கிரெனோபிளுக்கு வருகிறேன். விசா வேலை முடிந்துவிட்டது. இப்போது பெட்டியில் என்ன வைப்பது என்ற கவலை.

ஊரின் மாதாந்திர வெப்பநிலையைத் தேடினால் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். ஒரு தளத்தில் ஜனவரி சராசரி 2 டிகிரி, இன்னொன்றில் 4. ஒருவர் ஊரின் உயரம் 384 மீட்டர் என்கிறார், மற்றவர் 210 சொச்சம் என்கிறார். கோடை இதமாக இருக்கும் என்று ஓரிடத்தில் படித்தேன், அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி என்று வேறிடத்தில் படித்தேன். ஆல்ப்ஸின் தலைநகர் என்று பெயர் வாங்கிய ஊர். படங்களில் எந்தத் தெருவைப் பார்த்தாலும் பின்னால் பனிமலை நிற்கிறது.

நான் காரைக்குடிப் பக்கம். மார்கழி விடியற்காலையே எனக்குப் பெரிய குளிர். அங்கே இருப்பவர்கள் மாதவாரியாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


#2 பனிமலர்

வாழ்த்துகள் தம்பி. நான் இந்த ஊரில்தான் ஆராய்ச்சி வேலையில் இருக்கிறேன், திருமணமாகி வந்ததிலிருந்து இங்கேதான். முதலில் ஒரு விஷயம்: படத்தில் தெரியும் பனி மலையின் மேலே இருக்கிறது, ஊரில் இல்லை. கிரெனோபிள் மலைகளுக்கு நடுவே உள்ள மட்டமான தரை. பிரான்சிலேயே மிகத் தட்டையான பெருநகரங்களில் ஒன்று, சைக்கிளில் மூச்சு வாங்காமல் ஊர் முழுக்கச் சுற்றலாம்.

செப்டம்பரில் நீங்கள் வந்து இறங்கும்போது அரைக்கை சட்டைதான். பகலில் 25 வரை போகும், காலையில் 12, 13. அக்டோபரில் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வால்நட் உலுக்கும் காலம். கிரெனோபிள் வால்நட்டுக்கு 1938-லேயே தோற்ற இடத்தைக் காக்கும் சட்டப் பெயர் கிடைத்தது. அதுவரை ஒரு ஸ்வெட்டர் போதும். நவம்பர் நடுவில் மூடுபனி இறங்கும். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி தொடக்கம் வரை பகலில் 4 முதல் 8, இரவில் சுழியத்தை ஒட்டி, சில இரவுகளில் மைனஸ் 5. ஊருக்குள் பனி விழுவது ஒரு குளிர்காலத்தில் சில தடவைதான், அதுவும் இரண்டொரு நாளில் சேறாகிவிடும். மார்ச் முதல் மெல்ல ஏறும். ஜூலை, ஆகஸ்ட் பற்றித் தனியாக எழுதுகிறேன், அதற்கு ஒரு பத்தி போதாது.


#3 வானிலைப்பித்தன்

அட்டவணைகள் ஏன் முரண்படுகின்றன என்பதற்கு விடை அந்த 384 மீட்டரிலேயே இருக்கிறது. அது கிரெனோபிளின் உயரமே அல்ல.

பிரான்சின் வானிலைத் துறையான மெத்தேயோ பிரான்ஸின் பட்டியலில் 'கிரெனோபிள்' என்று நீண்ட காலத் தரவு இருக்கும் நிலையம், சேன்-ஜுவார் விமான நிலையத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளி, பியேவ்ர் என்ற திறந்த சமவெளியில். உயரம் 384 மீட்டர். அங்கே காற்றுக்குத் தடை இல்லை. ஊரோ 212 மீட்டரில், மூன்று மலைத்தொகுதிகள் சூழ, காற்று குறைவான இடத்தில் இருக்கிறது. ஜனவரி சராசரி 2, 3 டிகிரி, ஜூலை சராசரி 21-ஐ ஒட்டி என்று நீங்கள் பார்த்தது சேன்-ஜுவாரின் கணக்கு. ஊருக்கு அருகில் லெ வெர்சூ என்ற சிறு விமானத்தளத்தில் இன்னொரு நிலையம் இருக்கிறது, உயரம் 220 மீட்டர். நகரத்தின் நிலவரம் தெரிய வேண்டுமானால் அதைப் பாருங்கள். கோடைப் பிற்பகலில் இரண்டுக்கும் இடையே பல நாள் கணிசமான வித்தியாசம் தெரியும்.

பயணத் தளங்களும் கைபேசிச் செயலிகளும் 'கிரெனோபிள்' என்று தட்டினால் எந்த நிலையத்தின் எண்ணை எடுத்துப் போடுகின்றன என்று சொல்வதே இல்லை. ஒரு ஊரின் வெப்பநிலை என்று யார் எண் கொடுத்தாலும், கருவி எந்த உயரத்தில், எந்தத் தரையில் நிற்கிறது என்று கேட்க வேண்டும். இதை நான் எங்கே போனாலும் சொல்லிக்கொண்டே இருப்பேன். மலையூரில் அது இல்லாமல் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.


#4 லாச்சப்பல்

நான் பாரிஸ் பக்கம், லா கூர்னவில் இருக்கிறேன். ஒரு சந்தேகம். மேலே போகப் போகக் குளிர் கூடும் என்றுதானே படித்தோம்? அப்படியென்றால் தாழ இருக்கிற கிரெனோபிள் குளிர்காலத்தில் மலையூர்களைவிடச் சுகமாக இருக்க வேணும். ஆனால் அங்கே இருக்கிற எங்கட பெடியன் ஒருவன் ஜனவரியில் வெயில் காய மலைக்கு ஏறுகிறோம் என்று சொல்கிறான். நம்புவதா விடுவதா?


#5 பனிமலர்

நம்பலாம் அண்ணா. இந்த ஊருக்குக் குளிர்காலத்தில் வரும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதே அதுதான்.

ஜனவரியில் வானம் தெளிந்து காற்றழுத்தம் உயர்ந்து நிற்கும் வாரம் ஒன்று வரும். ஊரில் காலையில் எழுந்தால் சாம்பல் நிற மூட்டம். எதிர்க் கட்டடத்தின் நான்காம் மாடி தெரியாது. காரில் ஏறினால் முன்கண்ணாடிக்குக் கீழே வெளி வெப்பநிலை மைனஸ் 2 என்று காட்டும். சாம்ரூஸ் என்ற பனிச்சறுக்கு மலையூருக்குப் போகும் பாதையில் யூரியாஜ் தாண்டி வளைவு வளைவாக ஏறுவோம். மைனஸ் 2, மைனஸ் 2, மைனஸ் 3. முகப்பு விளக்கு வெளிச்சத்தில் மரங்களின் ஊசியிலை ஒவ்வொன்றிலும் வெள்ளை உறைபனி முள்முள்ளாக நிற்பது தெரியும். ஏறத்தாழ ஆயிரம் மீட்டரில், ஒரே ஒரு வளைவில், மூட்டம் மஞ்சளாகி அப்படியே கிழிந்துவிடும். கண் கூசும் வெயில். அந்த எண் 1 ஆகும், 4 ஆகும், இன்னும் இரண்டு வளைவில் 8. மேலே 1,700 மீட்டரில் வண்டியை நிறுத்திவிட்டு கோட்டைக் கழற்றிப் பின் இருக்கையில் போடுவோம். கீழே பார்த்தால் ஊரே இல்லை, வெள்ளை மேகம் மட்டத்துக்குப் பரவிக் கிடக்கும். எதிரே வெர்கோர், வலப்பக்கம் சார்த்ரூஸ், இரண்டின் முகடுகள் மட்டும் கரை மாதிரி நிற்கும்.

வழக்கமான கணக்குப்படி ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி குறைய வேண்டும். அதாவது சாம்ரூஸில் ஊரைவிடப் பத்து டிகிரி குறைவாக இருக்க வேண்டும். அந்த நாட்களில் பத்து டிகிரி கூடுதலாக இருக்கிறது.


#6 குன்னூர்க்காரி

படிக்கப் படிக்க எங்கள் ஊர் ஞாபகம். ஊட்டியில் ஜனவரி உறைபனி விழுவது தலைகுந்தா, காந்தல் போன்ற பள்ளங்களில்தான். மேட்டில் இருக்கும் தேயிலை தப்பிக்கும், பள்ளத்துச் செடி கருகும். இதுவும் அதே கணக்கா?


#7 வானிலைப்பித்தன்

அதே கணக்குத்தான். தெளிந்த இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழக்கிறது. தரையைத் தொட்ட காற்று குளிர்ந்து கனமாகிறது, கனமான காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. மேலே இருக்கும் காற்று அதைவிட வெதுவெதுப்பாக இருப்பதால் கீழ்க் காற்று எழும்ப முடிவதில்லை. பள்ளிப் புவியியலில் வெப்பத் தலைகீழ் மாற்றம் என்று படித்தோமே, அதுதான்.

ஆனால் ஊட்டியில் காலை ஒன்பது, பத்து மணிக்கு வெயில் ஏறினால் விஷயம் முடிந்தது. கிரெனோபிளில் முடிவதில்லை. அதற்கு அட்சரேகை ஒரு காரணம். கிரெனோபிள் 45 டிகிரி வடக்கில் இருக்கிறது. டிசம்பர் 21 அன்று உச்சிவேளையில்கூடச் சூரியன் தொடுவானத்திலிருந்து 21 டிகிரிதான் ஏறுகிறது. பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவு. அந்தச் சாய்ந்த வெயிலும் மூடுபனியின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும், தரைக்கு வந்து சேராது. இன்னொரு காரணம் நில அமைப்பு. இசேர் ஆறும் டிராக் ஆறும் சேரும் இடத்தில் ஊர் இருக்கிறது. வடக்கே சார்த்ரூஸ், மேற்கே வெர்கோர், கிழக்கே பெல்தோன். ஒய் வடிவில் மூன்று பள்ளத்தாக்குகள் கூடும் மையம். உள்ளே தேங்கிய குளிர்காற்றைத் தள்ள ஒரு பலமான காற்று வரவேண்டும், உயர் அழுத்தக் காலத்தில் அது வராது. சில நேரம் ஒரு வாரம் பத்து நாள் இப்படியே நிற்கும்.

இதில் குளிரைவிடக் கவலை தரும் விஷயம் புகை. விறகு அடுப்புப் புகை, வண்டிப் புகை எல்லாம் மேலே மூடி மாதிரி நிற்கும் அந்த வெதுவெதுப்பான காற்றுக்குக் கீழேயே தங்கிவிடும். பள்ளத்தாக்கில் நுண்துகள் கூடினால் சுற்றுச் சாலைகளில் வேக வரம்பை 20 கிலோமீட்டர் குறைப்பார்கள், பழைய வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வரும். பழைய திறந்த விறகு அடுப்பை மாற்றுவதற்கு வட்டார நிர்வாகம் மானியமே தருகிறது. ஆஸ்துமா இருப்பவர் வந்தால் இதை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.


#8 செட்டிநாட்டான்

எனக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது, அதனால் இந்தத் தகவலுக்குத் தனி நன்றி. அக்கா, கோடையைப் பற்றி எழுதுகிறேன் என்றீர்களே?


#9 லாச்சப்பல்

தம்பி, கோடையை லேசாக நினைக்க வேண்டாம். 2003 ஆகஸ்டில் இந்த நாட்டில் வெயிலால் கூடுதலாக இறந்தவர்கள் ஏறக்குறைய 15,000 பேர். பெரும்பாலும் தனியாக இருந்த முதியவர்கள். அதற்குப் பிறகுதான், 2004-இல், வெப்பத்துக்கென்று தேசியத் திட்டமும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கையும் கொண்டுவந்தார்கள். 2019 ஜூனில் பள்ளிப் பிள்ளைகளின் பிரவே தேர்வையே நாடு முழுக்க ஒத்திவைத்தார்கள். அதே ஜூன் 28-ஆம் தேதி தெற்கே ஏரோ மாவட்டத்தின் வேரார்க் என்ற ஊரில் 46 டிகிரி. ஜூலை 25 பாரிஸில் 42.6. ஊரில் வெயிலில் வளர்ந்த எனக்கே அன்று மேல்மாடி வீட்டில் மூச்சு முட்டியது. தகரக் கூரைக்குக் கீழே, ஏசி இல்லை, காத்தாடி கடையில் கிடைக்கவில்லை.

நான் கேட்க வந்தது: மலைக்குப் பக்கத்தில் இருக்கிற கிரெனோபிளில் இந்தக் கஷ்டம் குறைவுதானே?


#10 பனிமலர்

குறைவு இல்லை அண்ணா. பலரும் இந்த நம்பிக்கையோடுதான் வருகிறார்கள்.

குளிர்காலத்தில் குளிரைத் தேக்கிவைக்கும் அதே அமைப்பு கோடையில் வெயிலைத் தேக்குகிறது. உயரம் இருநூறு மீட்டர்தான் என்பதால் மலையின் குளிர்ச்சி ஊருக்கு இறங்குவதில்லை. சுற்றிலும் சுண்ணாம்புப் பாறைச் சுவர், நடுவில் கான்கிரீட். ஜூலை, ஆகஸ்டில் 30-ஐத் தாண்டுவது சாதாரணம். 35-உம் வரும், பெரிய வெப்ப அலை வந்தால் அதற்கு மேலும் போகும். பிற்பகலில் வடமேற்கிலிருந்து பள்ளத்தாக்கு வழியாக ஒரு காற்று வரும், அது கொஞ்சம் ஆறுதல். மாலையில் பெல்தோன் மேல் கருமேகம் கட்டி இடி இடித்தால் ஒரே மணி நேரத்தில் பத்து டிகிரி இறங்கும். ஊரே சன்னலைத் திறந்துவிட்டு நிற்கும்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் கவனிக்க வேண்டியது நேரம். நம் ஊரில் பகல் ஒன்று, இரண்டு மணிக்கு உச்சி வெயில் என்று பழக்கம். இங்கே கோடையில் கடிகாரம் சூரியனைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் முன்னால் ஓடுகிறது. உச்சிவேளை என்பதே பகல் 1:40. வெப்பம் உச்சத்துக்குப் போவது மாலை ஐந்து, ஆறு மணிக்கு. ஆறு மணிக்கு வெயில் தாழ்ந்திருக்கும் என்று நினைத்துக் கடைக்குக் கிளம்பினால் அந்த நாளின் மிகக் கொடுமையான நேரத்தில் மாட்டுவீர்கள். ஜூன் கடைசியில் சூரியன் மறைவதே இரவு ஒன்பதரைக்கு.

நல்ல செய்தி ஒன்று. வெப்ப அலை இல்லாத சாதாரணக் கோடை இரவில் 15, 16-க்கு இறங்கும். அதனால் இங்குள்ளவர்களின் பழக்கத்தை அப்படியே பின்பற்றுங்கள்: காலை எட்டு மணிக்குள் சன்னலையும் வெளிப்பக்க மரக்கதவையும் சாத்திவிடுவது, இரவு பத்துக்கு மேல் எல்லாவற்றையும் திறந்துவிடுவது. நம் ஊரில் காற்று வரட்டும் என்று பகலில் திறந்து வைப்போமே, இங்கே அது அனலை உள்ளே கூப்பிடுகிற வேலை. இரவு 20-க்குக் கீழே இறங்காத நாட்கள் தொடர்ந்தால் மட்டும் இந்த உபாயம் பலிக்காது, அப்போதுதான் உடம்பு தளரும்.


#11 வானிலைப்பித்தன்

அக்கா கடைசியில் சொன்னது மிக முக்கியம். பிரான்சில் வெப்ப எச்சரிக்கை விடுவதற்குப் பகல் உச்சம் மட்டும் கணக்கில்லை. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு வரம்புகள் உண்டு. மூன்று நாள் சராசரியை அந்த இரண்டோடும் ஒப்பிட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். இரவு ஆறவில்லை என்றால் உடம்புக்கு ஓய்வு இல்லை என்பது 2003 கற்றுக்கொடுத்த பாடம்.

இடைப்பட்ட பருவங்களை விட்டுவிட்டோம். வசந்தத்தில் நம்ப முடியாத மாதம் ஏப்ரல். 2021-இல் மார்ச் கடைசியில் கோடை மாதிரி வெயில், அடுத்த வாரமே, ஏப்ரல் 7, 8 இரவுகளில், உறைபனி. மொட்டு விட்டிருந்த திராட்சையும் ஆப்ரிகாட்டும் நாடு முழுக்கக் கருகின. இரவெல்லாம் தோட்டத்தில் தீ மூட்டி நின்றார்கள் விவசாயிகள். மே 11, 12, 13 மூன்றும் பனிப் புனிதர்களின் நாட்கள், அவை தாண்டாமல் தக்காளி நாற்றை வெளியில் நடக்கூடாது என்பது இங்குள்ள பாட்டிகளின் கணக்கு. இன்றும் பலர் பார்க்கிறார்கள்.

அப்புறம் ஃபான் காற்று. தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையின் மறுபக்கம் மழையாகக் கொட்டிவிட்டு, உலர்ந்து, இந்தப் பக்கம் இறங்கும். இறங்கும் உலர் காற்று நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி சூடாகும். நவம்பரிலோ பிப்ரவரியிலோ டிராக் பள்ளத்தாக்கு வழியாக அது ஊருக்குள் வந்தால் ஒரே நாளில் வசந்தம் வந்த மாதிரி இருக்கும். மேல்கோட்டோடு கல்லூரிக்குப் போனவர்கள் அதைக் கையில் மடித்துக்கொண்டு திரும்புவார்கள். காற்று நின்றதும் மழை, மறுநாள் பழைய குளிர்.


#12 குன்னூர்க்காரி

1968 குளிர்கால ஒலிம்பிக் இங்கேதானே நடந்தது? ஊருக்குள் பனி அதிகம் விழாத இடத்தில் எப்படி நடத்தினார்கள்?


#13 வானிலைப்பித்தன்

ஊரில் தொடக்க விழாவும் ஐஸ் ஹாக்கி, ஸ்கேட்டிங் போன்ற பனித்தளப் போட்டிகளும். மற்றவை எல்லாம் மலைமேல். ஆனால் மலையும் பிப்ரவரியும் சேர்ந்தும் வெப்பநிலை விளையாடிவிட்டது. ஆல்ப் துவேஸ் என்ற மலையூரில் பாப்ஸ்லெட் (பனித்தடத்தில் வழுக்கி இறங்கும் வண்டி) தடம் வெயில் படும் சரிவில் இருந்தது, பனி உருகியதால் போட்டியை விடியற்காலையில் வைத்தார்கள். நால்வர் பந்தயத்தில் நான்கு ஓட்டத்துக்குப் பதில் இரண்டே ஓட்டம். வில்லார் தெ லான்ஸில் லூஜ் (மல்லாந்து படுத்துச் சறுக்கும் சிறு வண்டி) போட்டியையும் ஓர் ஓட்டம் குறைக்க வேண்டியிருந்தது. அங்கேதான் கிழக்கு ஜெர்மனி வீராங்கனைகள் மூவர், வண்டியின் இரும்புப் பட்டையைச் சூடேற்றினார்கள் என்று தகுதி நீக்கப்பட்டார்கள். சாம்ரூஸில் ஸ்லாலோம் என்ற வளைந்து வளைந்து இறங்கும் பனிச்சறுக்குப் பந்தய நாளன்று மூடுபனி. பிரெஞ்சு வீரர் ழான்-குளோத் கில்லி தன் மூன்றாவது தங்கத்தை அந்த மூட்டத்தில்தான் வென்றார்.

இன்று நிலைமை இன்னும் மாறிவிட்டது. சார்த்ரூஸில், ஊருக்கு மேலே 1,325 மீட்டரில் கோல் தெ போர்த் என்ற கணவாய் இருக்கிறது. மெத்தேயோ பிரான்ஸின் பனி ஆய்வு மையம் 1960 முதல் அங்கே பனியின் ஆழத்தை விடாமல் அளக்கிறது. முதல் முப்பது ஆண்டுகளின் குளிர்காலச் சராசரியோடு அடுத்த முப்பதை ஒப்பிட்டால் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. இடுப்பளவு பனி முழங்காலுக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டிகிரி ஏறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். அந்த உயரத்தில் குளிர்காலம் சுழியத்தை ஒட்டியே நிற்கிறது. ஒரு டிகிரி கூடினால் பனியாக விழ வேண்டியது மழையாக விழுகிறது.


#14 லாச்சப்பல்

இதைப் படிக்க மனசு கஷ்டமாக இருக்கு. என்ர மகள் பள்ளிக்கூடத்தோடு பனிச்சறுக்குக்கு வந்ததே அந்தப் பக்கம்தான். சரி, தம்பிக்கு உடுப்பு விஷயத்தைச் சொல்லி விடுங்கோ. பெரிய கம்பளிக் கோட்டை அங்கேயிருந்து வாங்கி வர வேண்டாம். அங்கே விற்கிறது இந்தக் குளிருக்குத் தாங்காது, பெட்டியில் பாதி இடத்தையும் பிடிக்கும்.


#15 செட்டிநாட்டான்

எல்லோருக்கும் மிக்க நன்றி. கடைசியாக மூன்று கேள்வி. மாணவர் விடுதியில் இடம் கிடைக்கவில்லை, தனி அறை பார்க்கிறேன். மேல்மாடியா கீழ்மாடியா? எந்தத் திசை பார்த்த அறை நல்லது? அறையில் சூடேற்றியை நாமே போட்டுக்கொள்ளலாமா?


#16 பனிமலர்

கடைசி மாடி வேண்டாம் தம்பி, கூரைக்கு நேர் கீழே கோடையில் வேகும். தரைத்தளம் குளிர்காலத்தில் ஈரம் பிடிக்கும், சுவரில் பூஞ்சை வந்தால் உங்கள் மூச்சுக்கு ஆகாது. இரண்டாவது, மூன்றாவது மாடி பாருங்கள். மேற்கு பார்த்த சன்னல் மட்டும் உள்ள அறையைத் தவிருங்கள். மாலை ஆறு மணிதான் கொடுமையான நேரம் என்று மேலே சொன்னேனே, அந்த வெயில் நேராக உள்ளே வரும். கிழக்கு நல்லது. தெற்கு பார்த்த அறையானால் சன்னலுக்கு வெளிப்பக்கக் கதவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, ஊரை ஒட்டிய ஃபொந்தேன் பக்கம் வாடகை கொஞ்சம் குறைவு. ஆனால் வெர்கோர் சுவரின் அடியிலேயே இருக்கும் தெருக்களில் டிசம்பரில் பகல் மூன்றரை, நான்கு மணிக்கே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். அறையை முடிவு செய்வதற்கு முன் மதியம் மூன்று மணிக்கு ஒரு காணொளி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சூடேற்றி: பல அடுக்ககங்களில் பொதுச் சூடேற்றம். இந்த ஊரின் வெந்நீர்க் குழாய் வலையமைப்பு பாரிஸுக்கு அடுத்து நாட்டிலேயே பெரியது. வழக்கமாக அக்டோபர் நடுவில் போட்டு ஏப்ரல் நடுவில் நிறுத்துவார்கள், சட்டப்படி வீட்டுக்குள் சராசரி 19 டிகிரிதான். அக்டோபர் முதல் இரண்டு வாரம்தான் வீட்டுக்குள் நடுங்குவீர்கள், அதற்கு ஒரு நல்ல போர்வை வைத்துக்கொள்ளுங்கள். தனி மின்சூடேற்றி உள்ள அறையானால் மின்கட்டணம் வாடகையில் சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்குங்கள்.

உடுப்புக்கு அண்ணா சொன்னதுதான். உள்ளே போடும் பருத்தி பனியன்களை மட்டும் நிறையக் கொண்டு வாருங்கள். கோட்டும் காலணியும் இங்கே வாங்கலாம், பழைய பொருள் கடைகளில் பாதி விலைக்குக் கிடைக்கும். இன்ஹேலரும் மருத்துவர் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். வந்து சேர்ந்ததும் தனிமடல் போடுங்கள், நவம்பருக்கு முன்னால் கடைக்கு நானே கூட்டிப்போகிறேன்.


#17 செட்டிநாட்டான்

கண்டிப்பாக அக்கா. இப்போது பார்த்து வைத்திருக்கும் அறை ஐந்தாவது மாடி, மேற்கு பார்த்தது. இன்றைக்கே வேண்டாம் என்று எழுதிவிடுகிறேன்.